நேரில் பார்த்தது

மகனே, ஏரிக்கரை நின்றுவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இந்தக் கடிதத்தைக் கடைசிவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். அப்படிப் பிடித்துக்கொண்டே இருப்பது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும். போன ஐப்பசியும் கார்த்திகையும் எனக்கு அதிலேயே கழிந்தன. இப்போது தை பிறந்துவிட்டது. மழை ஓய்ந்துவிட்டது. வேப்பூருக்கு மேற்கே, பெயர் எழுத மனம் வராத ஒரு ஊரில், ஒரு ஏரி நிரம்பி வழிந்து, கரை அசையாமல் நிற்கிறது. அந்த ஏரிக்கும் உன் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தக் கடிதம். நீ பிறந்ததும் உனக்கு எழுதுவதற்கென்று ஒரு நோட்டு வாங்கி வைத்தேன். மூன்று வருடம் கழித்து இன்றைக்குத்தான் முதல் பக்கத்தைத் திறக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு. எழுதும்படியாக என்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இருப்பது தெரிந்தபோது எழுதப் பயமாக இருந்தது.

எழுத வைத்தது நீதான். போன சனிக்கிழமை உன்னை எல்.கே.ஜி.யில் சேர்க்கக் கூட்டிப்போனோம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த டீச்சர், "அப்பா என்ன பண்றாரு?" என்று உன்னைக் கேட்டார். "மண்ண சுடுறாரு" என்றாய். பீங்கான் கம்பெனி சூளையில் வேலை செய்கிறவரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. "அம்மா?" என்றார். "எங்கம்மா பள்ளம் பாக்குறாங்க" என்றாய். டீச்சர் சிரித்துக்கொண்டே, "எந்தப் பள்ளம், நம்ம ஜங்ஷன் ரோட்டுல இருக்குற பள்ளமா?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. "இல்ல. முள்ளுக்குள்ள இருக்குற பள்ளம்" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன். அதன் அடியில், மேலே சொன்னவை யாவும் உண்மை என்று அச்சடித்து, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, "எதாச்சும் புரியலையாம்மா?" என்று டீச்சர் கேட்டுவிட்டார். புரிந்ததுதான் கஷ்டம். உனக்கும் ஒருநாள் அப்படி ஒரு கோட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை வரும். அன்றைக்குப் படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் புவியியல் படித்தவள். நீ பிறந்து ஒரு வருடம் கழித்து, ஒப்பந்த அடிப்படையில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள்தான் அலுவலகம். மழை குறைந்த இந்தப் பக்கத்து மேட்டு நிலங்களில் எது மெல்ல மெல்லப் பாலையாகிக்கொண்டு வருகிறது என்று வரைபடம் போடுவது எங்கள் வேலை. பாலை என்றதும் ஒட்டகத்தையும் மணல் மேட்டையும் நினைத்துக்கொள்ளாதே. மேல்மண் மழையோடு போய்விடும். கிணறு வருடா வருடம் கீழே இறங்கும். ஏரி தூர்ந்துபோகும். ஓடை அகலமாகிக்கொண்டே வரும். கடைசியில் முள் மட்டும் மிஞ்சும். இங்கே பாலை அப்படித்தான் வரும், யாருக்கும் சொல்லாமல். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் பிரித்துத் தரும். தண்ணீர் நீலம், மண் அரிப்பு சிவப்பு, உவர் பூத்த நிலம் வெள்ளை, செடிகொடி பச்சை. அது சொல்வது சரியா என்று, குறித்துக் கொடுத்த இடங்களுக்கு யாராவது நடந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த யாராவது நான்தான். ஒவ்வொரு இடத்துக்கும் போனில் ஒரு படிவம் உண்டு. சரிவு, மண், தண்ணீர் என்று வரிசையாக நிரப்பி வந்தால் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். நேரில் பார்த்தது: ஆம், இல்லை.

மேலிருந்து பார்க்கிற கண் எப்படி ஏமாறும் என்பதை நான் நம் வீட்டுக்குப் பின்னாலேயே கற்றுக்கொண்டேன். அங்கே பீங்கான் கம்பெனிகளின் உடைசல் மலைபோலக் கிடக்கிறதே, கீறல் விட்ட வாஷ் பேசின், மூடி இல்லாத ஊறுகாய் ஜாடி, கம்பியைத் தாங்க மின்கம்பத்துக்குப் போகாமல் கழிந்துபோன வெள்ளைக் கிண்ணங்கள், மூக்கு போன பொம்மைகள், அந்தக் குவியலைக் கம்ப்யூட்டர் 'கடுமையான உவர் நிலம்' என்று குறித்திருந்தது. பக்கத்து வீட்டு ஜரீனா அக்காவிடம் காட்டினேன். அவர் கணவர் குவைத்தில் இருக்கிறார். தன் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபிறகு பகல் முழுக்க உன்னைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். "அப்ப நான் மொட்டமாடியில வெள்ள வேட்டி காயப்போட்டா பனி பேஞ்சிருக்குன்னு எழுதுமா ஒன் கம்ப்யூட்டரு?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அந்தக் குறியைத் திருத்தி, 'உவர் இல்லை, உடைந்த பீங்கான்' என்று எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு வந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, புரட்டாசியில், அந்த ஏரிக்குப் போனேன். மூன்று இடங்கள் பார்க்க வேண்டும். மூன்றும் ஏரிக்கரைக்குப் பின்னால், சீமைக் கருவேலம் அடர்ந்த காட்டுக்குள் இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் வழி கேட்டபோது அங்கே செல்வி என்று ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான். நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை எடுக்கும் பொறுப்பு அவளுடையது. நாலைந்து ஆடும் வைத்திருக்கிறாள். "கரைக்குப் பின்னாடி பள்ளம், ஓடை மாதிரி எதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். "வேலிகாத்தான் முள்ளுதான் மண்டிக் கெடக்குது. அதுக்குள்ள என்னா இருக்குதுன்னு யாரு கண்டா. வாங்க, போயிப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, முள்ளை விலக்க ஒரு கழியும் எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் ஜரீனா அக்கா கூப்பிட்டார். "பதறாதம்மா. புள்ளைக்கி நெத்தி சுடுது. நான் ஈரத்துணி போட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீ கெளம்பி வா."

அதற்கு முந்தைய முறை காய்ச்சல் வந்தபோது உனக்கு வலிப்பு வந்திருந்தது. உன் கண் மேலே செருகியதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு உனக்குக் காய்ச்சல் என்ற வார்த்தையைக் கேட்டால் நான் நின்ற இடத்தில் நிற்பதில்லை. செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். பாதி வழியில், மறுநாள் படிவங்களை அனுப்பக் கடைசி நாள் என்பது ஞாபகம் வந்தது. போனைத் திறந்தேன். இடத்துக்குப் போகாமல் படிவம் எப்படித் திறக்கும் என்று நீ கேட்பாய். சிக்னல் கிடைக்காத ஊர்களுக்காகத் திறக்கும்படிதான் வைத்திருந்தார்கள். படத்தில் கரைக்குப் பின்னால் அடர்ந்த பச்சை தெரிந்தது. பச்சை என்றால் வேர் இருக்கும், வேர் இருந்தால் மண் நிற்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். சாலையிலிருந்து எடுத்த ஒரு போட்டோவைச் சேர்த்தேன். அரிப்பு இல்லை என்று போட்டேன். நேரில் பார்த்தது என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தினேன். மூன்று முறை அழுத்தினேன்.

இந்த இடத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். உனக்குக் காய்ச்சல் என்று நான் ஓடி வந்ததில் தப்பு இல்லை. நாளைக்கும் ஓடி வருவேன். உன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் காரணம் சொல்லியிருப்பேன். கொஞ்சம் முகம் சுளித்திருப்பார்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் ஆம் என்று போட்டேன். அன்று சாயங்காலம் டாக்டர் கொடுத்த மருந்தில் உன் காய்ச்சல் இறங்கிவிட்டது. நீ இட்லி கேட்டாய். நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

எங்கள் வரைபடத்தை வைத்து, மழைக்கு முன்னால் சீர் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியல் தயாரானது. அந்த ஊர் அதில் இல்லை. அந்தப் பட்டியல் போன மறுவாரம் எனக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், செல்வி பேசறேன். அன்னிக்கி டீக்கடையில பள்ளம் இருக்குதான்னு கேட்டீங்க இல்ல. இருக்குது மேடம். என் ஆடு உள்ள வுழுந்துட்டுது."

"அடி பட்டுச்சா?"

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவல. அத மேல தூக்கறதுக்குள்ள எங்களுக்குத்தான் முதுவு போச்சு. ஏணி வெச்சி எறங்கனோம்."

ஏணி வைத்து இறங்கும் ஆழம் என்றால் அது சின்னப் பள்ளம் இல்லை. "கரையிலேருந்து எவ்வளவு தூரம் இருக்கும் செல்வி?"

"கர மேல நின்னு கல்லு வுட்டா பள்ளத்துல வுழும் மேடம்."

உனக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மண்ணை அரித்து உண்டாகும் ஓடை, தண்ணீர் போகும் திசையில் வளராது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத்தான் பின்னோக்கி வளரும். மேலிருந்து விழும் தண்ணீர் பள்ளத்தின் அடிவயிற்றைத் தோண்டும். மேல்மண் சரியும். பள்ளம் ஓரடி முன்னே வரும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து அந்த முள்காட்டுக்குள்தான் போகும். இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தப் பள்ளம் கரையின் காலைத் தொட்டுவிடும். கரைக்குக் கீழே நெல் வயல்கள். வயல்களுக்கு அந்தப்பக்கம் வீடுகள். அதில் ஒன்று செல்வியுடையது. வானிலை அறிவிப்பில் மழை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அப்பா வேலை முடிந்து வந்து, முழங்கை வரை ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லிவிட்டு, என் யோசனையையும் சொன்னேன். "நாளைக்குப் போயி பாத்துட்டு, புதுசா வந்த பள்ளம்னு தனியா ஒரு படிவம் போட்டுடறேங்க. பழசை யாரு எடுத்துப் பாக்கப் போறாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பச்ச மண்ணுல விரிசல் இருந்தா நாங்க என்னா பண்ணுவோம், தெரியுமா?"

"மேல பூச்சு பூசிடுவீங்க."

"பூசலாம். வெளிய தெரியாது. சூளையில வெச்சா தானும் ஒடஞ்சி பக்கத்துல இருக்கறதையும் ஒடைக்கும். அதுக்கப்புறம் அது நம்ம வூட்டுக்குப் பின்னாடிதான் வந்து கெடக்கணும். சூளைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டா அது இன்னும் மண்ணுதான். தண்ணியில கரச்சி மறுபடியும் செஞ்சிக்கலாம். நீ இன்னும் சூளைக்குப் போவல. சொல்லிடு."

"வேலையவுட்டு நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தட்டும். பள்ளம் பாக்குறவளுக்கு இந்த ஜில்லாவுல பள்ளத்துக்கா பஞ்சம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ என்னைப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே சிரித்தாய்.

மறுநாள் காலை எங்கள் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மொத்தம் எத்தனை இடம்?" என்றார். "மூணு சார். அந்த மூணுதான்." "மூணுதானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு வலித்தது. ஆனால் அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நான் பார்த்த மற்ற இடங்களில் பாதியை இன்னொருவரை அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னார். அவமானமாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தபிறகும் அந்த அவமானம் போகக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஆனால் அன்றைக்கே ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் அவரே போன் செய்தார். "வண்டிய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே போலாம்" என்றார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பையனுக்கு இப்போ பரவால்லையா?"

செல்வி கழியால் முள்ளை விலக்க விலக்க உள்ளே போனோம். வெளியே பச்சையாகத் தெரிந்த காடு, உள்ளே ஒரு புல்கூட இல்லாத வெறும் தரை. நடுவில் பள்ளம். மேலே சிவப்பு மண், கீழே உன் அப்பா குழைக்கும் அதே வெளிர்ந்த களிமண். கருவேலத்தின் வேர்கள் ஒரு பிடி மண்கூட இல்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கரையிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டு அடிவைப்பு. சார் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் செல்வியிடம் சொன்னேன். "அன்னைக்கி நான் இதப் பாக்காமலே, பாத்தேன்னு எழுதிட்டேன் செல்வி. அதனாலதான் உங்க ஊரு பட்டியல்ல வரல."

அவள் கழியை மண்ணில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நாங்க மண்ணு வெட்டப் போனா காலையில ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. மூஞ்சி தெரியலன்னா வேலைக்கே வரலன்னு ஆயிடும். எங்கள அவ்வளவு நம்பாதவங்க, ஒங்கள மட்டும் எப்பிடி மேடம் நம்புனாங்க?"

கழியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவள், "புள்ளைக்கி அன்னிக்கே காச்ச வுட்டுதா?" என்று கேட்டாள். அவள் ஆடு விழாமல் இருந்திருந்தால், விழுந்ததை எனக்குச் சொல்ல அவளுக்குத் தோன்றாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது.

கல் வைத்துச் சுவர் கட்ட அனுமதி வர நாளாகும், அதுவரை தற்காலிகமாக ஏதாவது செய்யுங்கள் என்று ஒன்றியத்துப் பொறியாளர் சொன்னார். முள்ளை வெட்டிக் கட்டுக்கட்டாகப் பள்ளத்தில் படுக்கவைத்து, மேலே மண் மூட்டை அடுக்குவது என்று ஆனது. ஆனால் தண்ணீர் விழுகிற இடத்தில் கரையாத ஏதாவது வேண்டும். கல்லுக்கு எங்கே போவது என்று வீட்டில் புலம்பினேன். அப்பா கொல்லைக் கதவைத் திறந்து வெளியே காட்டினார். கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இரண்டு டிராக்டரில் ஏற்றியே விட்டார்கள். உடைசலைச் சாக்குகளில் கட்டி இறக்கி, மேலே வெறும் சில்லுகளையும் கொட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு சாக்கு வாய் பிரிந்து கக்கூஸ் கோப்பை ஒன்று உருண்டது. "ஏன் மேடம், ஏரித்தண்ணி வந்தா ஊருக்கே ஒட்டுமொத்தமா ப்ளஷ் பண்ணி வுட்றதா முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் செல்வி. "புதுசுதான் செல்வி. யாரும் உக்காரல" என்றேன். மூட்டை சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் சுமையை இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீயும் வந்திருந்தாய். டிராக்டர் நிழலில் ஜரீனா அக்கா மடியில் உட்கார்ந்துகொண்டு, உடைசலிலிருந்து எடுத்த, தும்பிக்கை இல்லாத ஒரு யானைப் பொம்மையைக் கட்டிப் பிடித்திருந்தாய். ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று நான் நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டேன். "வுடும்மா, அவன் என்னா அத முழுங்கவா போறான்" என்று அக்கா என்னை விரட்டினார். கடைசி மூட்டையைக் கட்டும்போது நீயாக இறங்கி நடந்து வந்து யானையைச் சாக்குக்குள் போட்டாய். ஏன் என்று கேட்டேன். "பள்ளத்துக்கு" என்றாய்.

பிறகு மழை. அந்த நாட்களில் செல்விக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்று கணக்கில்லை. ஒருநாள் அவளே பொறுக்க முடியாமல், "மேடம், கர இருக்குது, நானும் இருக்கறேன். போன்ல சார்ஜுதான் இல்ல" என்று வைத்துவிட்டாள். கார்த்திகையில் ஒருநாள் மதியம், நான் உனக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு வீடியோ அனுப்பினாள். கலங்கலில் தண்ணீர் வழிந்து வந்து, முள்கட்டுகளின் மேல் ஏறி, வெள்ளைச் சில்லுகளின் மேல் சடசடவென்று விழுந்தது. விழுந்த இடத்தில் தோண்ட வழியில்லாமல் நுரைத்துக்கொண்டு பரவி, அமைதியாக ஓடைக்குள் இறங்கிப் போனது. பின்னால் செல்வியின் குரல், "பாத்துக்குங்க மேடம், நல்லாப் பாத்துக்குங்க" என்றது. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, உனக்குப் பிசைந்த சோற்றை நானே முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். அத்தனை நாளும் எனக்குப் பசிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நீ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய்.

வேலை போகவில்லை. போயிருந்தாலும் இந்தக் கடிதம் இதேபோலத்தான் முடிந்திருக்கும் என்று சொல்ல ஆசை, ஆனால் அவ்வளவு தைரியசாலி நான் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உனக்கும் அவசரம் வரும். உன் பிள்ளைக்கும் நெற்றி சுடும். அன்றைக்கு ஓடு. ஓடும்போது, பார்க்கவில்லை என்பதைப் பார்க்கவில்லை என்றே எழுதிவிட்டு ஓடு. தவறிப்போய் மாற்றி எழுதிவிட்டால், மழைக்கு முன்னால் யாரிடமாவது சொல்லிவிடு. முகம் சுளிப்பார்கள். அதற்குப் பிறகு, பிள்ளைக்கு இப்போது பரவாயில்லையா என்றும் கேட்பார்கள்.

நேற்று புதிய செயற்கைக்கோள் படம் வந்தது. ஏரி நல்ல நீலமாக இருக்கிறது. கரைக்குப் பின்னால், வெட்டிய முள்காட்டின் நடுவில், சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. கம்ப்யூட்டர் அதை 'உவர் நிலம்' என்று குறித்திருந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் போனேன். செல்வி ஆடுகளோடு கரையில் நின்றிருந்தாள். ஏணி வைத்து இறங்கி, பள்ளத்துக்குள் நின்றுகொண்டே படிவத்தைத் திறந்தேன். உவர் இல்லை, உடைந்த பீங்கான் என்று எழுதினேன். ஒரு சாக்கு நைந்து கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக உன் யானையின் முதுகு தெரிந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தது என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தினேன்.

உன் அம்மா